அச்சின் பின்புறம் போன வளைவரை

பதினோரு தாள்களையும் மேசை மேல் வரிசையாகப் பரப்பிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். கள்ளக்குறிச்சியில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியின் ஆசிரியர் அறை. மதிய வெயிலில் மேலே தகரம் டப் டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மூடி கழற்றிய சிவப்பு மைப் பேனா என் கையில் காய்ந்துகொண்டிருந்தது.

பதினோரு பேரும் ஒரே வளைவரையை வரைந்திருந்தார்கள். அதில் ஒன்றும் இல்லை, கேள்வி ஒன்றுதானே. 'y = x + sin x என்ற சார்பின் வளைவரையை வரைந்து ஆராய்க.' பத்து மதிப்பெண். ஆனால் பதினோரு பேரும் ஒரே இடத்தில் கோட்டை விட்டிருந்தார்கள். இடப்பக்கத்திலிருந்து அழகாக ஏறி வருகிற கோடு, நட்டநடுவில் y அச்சுக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றுவிடும். அந்தப் பக்கம் ஒரு விரல்கடை தள்ளி மறுபடி கிளம்பும்.

அதற்குக் கீழே பதினோரு பேரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். 'இங்கு வளைவரை y அச்சின் பின்புறமாகச் செல்கிறது.'

இத்தனை வருஷம் தாள் திருத்தியதில் அச்சுக்குப் பின்புறம் என்று ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. காகிதத்துக்குப் பின்புறம் உண்டு. கோட்டுக்கு ஏது?

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. காப்பி அடிப்பவர்களைக் கண்டுபிடிப்பதில் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

கோட்டின் மேல் அலை

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணம் நின்றுபோன கதையை எழுதியிருந்தேன். 'கணக்கு டீச்சர் என்கிறீர்கள், பத்து வாரமாக ஒரு கணக்குகூட வரவில்லையே' என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். இந்த வாரம் அவருக்காக.

இரண்டு சார்புகளைக் கூட்டி வரைவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. x என்பது சாய்வாக மேலே போகிற நேர்க்கோடு. sin x என்பது மேலும் கீழும் போய் வருகிற அலை. இரண்டையும் தனித்தனியாக மெல்லிசாக வரைந்துகொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு இடத்திலும் கோட்டின் உயரத்தோடு அலையின் உயரத்தைக் கூட்டிப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால், ஏறிக்கொண்டே வளைகிற ஒரு கோடு கிடைக்கும்.

அதில் ஒரு வழுக்கல் உண்டு. x-இன் மதிப்பு π ஆகும்போது அந்த வளைவரை ஒரு கணம் படுத்துக்கொள்ளும். பிறகு மறுபடி ஏறும். எந்த இடத்திலும் இறங்காது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த இடத்தில் அலையை நினைத்துக்கொண்டு கோட்டை இறக்கிவிடுவார்கள்.

இந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. கூசாமல் சொல்கிறேன், என் சந்தேகத்துக்கு முதல் காரணம் அந்த இடைவெளி இல்லை. இதுதான்.

ஏனென்றால் தாள்கள் கல்வராயன் மலையிலிருந்து வந்தவை. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் அப்போதுதான் பிளஸ் டூ தொடங்கியிருந்தார்கள். முதல் செட், பதினோரு பேர். பொதுத்தேர்வுக்கு முன்னால் வருகிற திருப்புதல் தேர்வுக்கு, பள்ளிகள் தாள்களை மாற்றிக்கொண்டு திருத்துவது அந்த வருஷத்து ஏற்பாடு. எங்கள் நாற்பத்திரண்டு தாள்கள் மலைக்குப் போயின. அவர்களுடைய பதினொன்று என்னிடம் வந்தது. முறைகேடு என்று எழுதப்பட்டவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்பதும் அந்த வருஷத்து ஏற்பாடுதான்.

பதினோரு பேருக்கும் ஹால் டிக்கெட் இல்லை என்றால், அந்தப் பள்ளியில் தேர்வு எழுத ஆளே இல்லை. ஆளே எழுதாத பிளஸ் டூவை அடுத்த வருஷம் எவன் நடத்துவான்? அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதினேன்.

'பதினோரு மாணவர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பது ஐயமின்றித் தெரிகிறது' என்று. 'ஐயமின்றி' என்ற சொல்லை யோசித்துச் சேர்த்தேன். பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதம் புளித்திருந்தது.

அரைப் பலகை

இந்த இடத்தில் எங்கள் வகுப்புக் கரும்பலகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு தேவைப்படும்.

எனக்கு முந்தைய பீரியட் கெமிஸ்ட்ரி சாருடையது. அவர் பலகையின் இடது பாதியில் ஒரு நீண்ட சமன்பாட்டை எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, 'அழிக்காதே' என்று எழுதிவிட்டுப் போவார். அந்த ஒரு சமன்பாடு ஆடியிலிருந்து தை வரைக்கும் இருந்தது. கேட்டால், "பிள்ளைங்க பாத்துகினே இருக்கட்டும் டீச்சர், மனசுல ஏறும்" என்பார். நான் இரண்டு தடவை தலைமையாசிரியரிடம் புகார் சொன்னேன். அவர் இரண்டு தடவையும் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

ஆகவே என் வளைவரைகள் எல்லாம் வலது பாதியில் வாழ்ந்தன. இடப்பக்கத்துக்கு நான் வாயால் சொல்லிவிடுவேன், "அந்தப் பக்கமும் இதே மாதிரி, போட்டுக்குங்க" என்று. பிள்ளைகளும் தலையாட்டுவார்கள்.

அண்ணனும் ரம்பமும்

அந்த வருஷங்களில் எங்கள் ஜனங்கள் இட ஒதுக்கீடு கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜனங்கள் யார் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. ஒரு வாரம் சாலை மறியல், ஒரு வாரம் பேச்சுவார்த்தை. மறியல் என்றால் புளியமரத்தை ரோட்டின் குறுக்கே சாய்ப்பது. நூறு வருஷத்து மரமெல்லாம் கால் மணியில் படுத்தது. பஸ் ஓடாது, தபால் போகாது, கறிகாய் வராது.

என் அண்ணன் பலராமனுக்குக் கள்ளக்குறிச்சியில் மரவாடி இருந்தது. நாங்கள் களமருதூர்க்காரர்கள், எனக்கு வேலை கிடைத்ததும் அண்ணன் வூட்டிலேயே தங்கிவிட்டேன். மரவாடிக்காரன் கையில் ரம்பம் இருக்கும் என்பதால் அண்ணன் தானாகவே முன்னணிக்கு வந்துவிட்டது. மற்றபடி அதற்கு மேடையேறிப் பேசவெல்லாம் வராது.

அந்தப் பதினோரு தாள்கள் என்னிடம் வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், முதல் மறியலின்போது, ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் சொன்னது.

"இன்னைக்கு ஒரு வாத்தியார் வந்தாரும்மா, கச்சிராயபாளையம் ரோட்ல. லாரில கரும்பலகை. மலைக்குப் போவணுமாம். மரத்த எடுங்கன்றாரு."

"எடுத்தியா?"

"எப்டி எடுக்கிறது? சாய்ச்சதே ஒரு மணி நேரம்தான் ஆவுது. ஆனா படிப்புக்குத்தான நாம போராடறோம், போர்டைப் போயி மறிச்சா நல்லாருக்குமா? பத்தடிப் பலகை. அப்டியே தூக்கினு மரத்தத் தாண்டி, மலை ஏற முடியாது. நடுவுல அறுத்துக் குடுத்தேன். அவரும் லாரிப் பையனும் ஆளுக்குப் பாதி தலையில வச்சிகினு போயிட்டாங்க."

"கரும்பலகைய அறுத்தியா?"

"நேரா அறுத்தேம்மா. நூல் புடிச்சி" என்றது அண்ணன், தொழில் கௌரவத்தோடு.

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு அதை மறந்துவிட்டேன்.

ஒரு பாரா

என் அறிக்கையைத் தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் நம்பர் போட்டு, உறையில் வைத்தார். ஒட்டவில்லை.

"கல்வி ஆபீஸ்ல நேர்ல விசாரிச்சீங்களான்னு கேப்பாங்க டீச்சர். பஸ் ஓடற அன்னிக்கி ஒருதரம் போயி பாத்துட்டு வந்துடுங்க. ஒரு பாரா எழுதிச் சேத்துடலாம்."

மூன்று நாள் பஸ் ஓடவில்லை. உறை அவர் மேசையிலேயே கிடந்தது. எங்கள் தெருவில் எல்லோரும் மறியலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். நான் திட்டியது அந்த உறை போகவில்லையே என்று. அதை இப்போது நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது.

நாலாம் நாள் கச்சிராயபாளையம் வரை பஸ் விட்டார்கள். அதைத் தாண்டி ஒரு மரம் கிடந்தது. மரத்தின் மேல் அண்ணன் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது.

"நீ இன்னாத்துக்கு இங்க வந்த?"

"மலைக்கு. விசாரணை."

மேற்கொண்டு கேட்காமல் கையைக் கொடுத்து என்னை மரத்தைத் தாண்ட வைத்தது. "பாத்து, புடவை மாட்டப்போவுது. அந்தப் பக்கம் ஒரு பஸ் மாட்டிகினு கெடக்குது. அதுபாட்டுக்கு மேலயும் கீழயும் போயிகினுதான் இருக்குது."

நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. மறியலுக்கு முன்னால் மலைக்குப் போன பஸ் திரும்பி வர வழியில்லாமல், மரத்துக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் மூன்று நாளாக ஒரே சட்டையில் இருந்தார்.

தூண்

மலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார் பெயர் அருணாசலம். என் வயதுதான் இருக்கும். கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரர், அப்பா மண்டியில் மூட்டை தூக்கியவர். "வாங்க டீச்சர், நானே வரணும்னு இருந்தேன். உங்க தாளெல்லாம் திருத்தி வச்சிட்டேன்" என்று தாள் கட்டை எடுக்கப் போனவரை நிறுத்தி, ஒரு தாளை மட்டும் அவர் முன் வைத்தேன். நடுவில் விட்டிருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"பதினோரு பேரும் இப்படித்தான் போட்டிருக்காங்க. ஒரே வாக்கியம். இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் வகுப்புக்கு வாங்க" என்றார்.

நீளமான ஓட்டுக் கட்டடம். முன்சுவரின் நடுவில், கூரையைத் தாங்க ஒரு மண் தூண், முக்கால் முழ அகலத்தில், சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நின்றது. தூணுக்கு இந்தப் பக்கம் அரைக் கரும்பலகை. அந்தப் பக்கம் அரைக் கரும்பலகை. வெட்டு நேராக இருந்தது. நூல் பிடித்து அறுத்தது.

நான் அண்ணனை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"மரம் கெடந்துச்சி டீச்சர், அந்த மறியல்ல. ஒரு மரவாடிக்காரரு அறுத்துக் குடுத்தாரு. நல்ல மனுசன். ஒரு பாதிய நானே தூக்கினு வந்தேன், எனக்குச் சும்மாடு கட்டத் தெரியும். வந்து மாட்டிப் பாத்தா, நடுவுல தூணு. சரி, இதையே y அச்சா வச்சிக்கலாம்னு வச்சிகினேன். கோடு போடற வேலை மிச்சம்."

ஒன்றரை வருஷமாக அந்த வகுப்பில் எல்லா வளைவரைகளும் அந்தத் தூணை நடுவில் வைத்தே வரையப்பட்டன. மண் பூச்சில் சாக்பீஸ் பிடிக்காது. அதனால் கோடு தூண் வரை வரும், நிற்கும், அந்தப் பக்கப் பலகையில் மறுபடி தொடங்கும். "தூணுக்குப் பின்னாடி போவுது" என்று சொல்லிக்கொண்டே அவர் அந்தப் பக்கம் நடந்து போவார். பிள்ளைகள் நோட்டில் 'அச்சின் பின்புறமாகச் செல்கிறது' என்று இலக்கணமாக எழுதிக்கொண்டார்கள்.

"1/x போட்டப்ப சரியாத்தான் இருந்துச்சி டீச்சர்" என்றார் அவர். "அங்க நெஜமாவே ஒண்ணும் கெடையாது. நடுவுல கோடு வராது. அத்த தூணு சரியா காட்டுச்சி. x + sin x-க்குத்தான்..." நிறுத்திவிட்டார். "எனக்கு அந்தக் கோடு தூணு மேல தெரிஞ்சிகினே இருந்துச்சி. அவங்களுக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன்."

"π கிட்ட ஒருத்தர்கூட இறக்கலையே, அது எப்படி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நம்ம மலை ரோடுதான அது. ஏறும். வளைவுல ஏறாம நிக்கும். மறுபடி ஏறும். இந்தப் பசங்க பஸ்ல எத்தினி தரம் வந்திருப்பாங்க. எங்கியாவது எறங்குதான்னு கேட்டேன், இல்ல சார்னாங்க. அவ்ளோதான்."

நானும் அந்த ரோட்டில்தான் காலையில் வந்தேன். கண்டக்டரின் சட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் வரிசையில் ராமாயி என்று ஒரு பெண் இருந்தாள். நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"டீச்சர், அப்ப அது பின்னாடி போவலியா?"

சாக்பீஸை வாங்கினேன். இடப்பக்கப் பலகையில் தொடங்கி, தூணின் மேல் ஏற்றி, நட்டநடுவில் ஆதிப்புள்ளியைத் தாண்டி, வலப்பக்கப் பலகை வரை இழுத்தேன். மண் உதிர்ந்தது. சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. கோடு கோணலாகத்தான் வந்தது. ஆனால் விடாமல் வந்தது.

"பின்னாடி இல்ல. மேலயேதான் போவுது."

"நாங்க எழுதினது தப்பு."

"தப்பு."

"அதுக்கு எத்தினி மார்க்கு போவும்?"

"ஒண்ணு" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மார்க்தானே என்ற நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. நான் என்ன எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எனக்கு அவமானமாக இருந்தது. அருணாசலத்திடம் மட்டும் சொன்னேன். அவர் போய் எங்கள் பள்ளித் தாள் கட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"மேல ஒரு சீட்டு வச்சிருக்கேன். பாத்துக்குங்க. மொதல்ல அந்த உறைய நிறுத்துங்க டீச்சர்."

பின்

அன்று சாயங்காலமே மறியல் முடிந்து மரத்தை இழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலை பஸ் எல்லாம் ஓடும் என்று சொன்னார்கள். மூன்று நாளாகத் தேங்கிக் கிடந்த தபாலெல்லாம் முதல் பஸ்ஸிலேயே கடலூர் கல்வி ஆபீசுக்குப் போய்விடும், அந்த உறையும்தான்.

பள்ளி திறக்கும் வரை காத்திருக்க முடியவில்லை. விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எங்கள் பியூன் முனுசாமி, கடலூர் பஸ்ஸின் ஜன்னலோர சீட்டில், மடியில் தபால் பையோடு உட்கார்ந்திருந்தார். பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"அந்த உறையக் குடுங்க முனுசாமி."

"எப்டிங்க குடுக்கிறது? நம்பர் போட்டாச்சு."

"தப்பா எழுதிட்டேன்."

"தப்போ சரியோ, நம்பர் போட்டா போட்டதுதாங்க. எடுக்கிறதுக்கு எனக்கு ரைட்டு இல்ல." கொஞ்சம் யோசித்தார். "ஒரு பாரா சேக்கணும்னு ஐயா சொன்னாரு. சேக்கிறதுக்கு வேணா உண்டு."

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் படியில் உட்கார்ந்து, கையில் இருந்த கிராஃப் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பலகை பாதியாக இருப்பதையும், தூணையும், ஆசிரியர் தூணை அச்சாக வைத்ததையும் எழுதினேன். பிள்ளைகள் ஒருவரையும் பார்த்து எழுதவில்லை, பலகையைப் பார்த்துப் படித்திருக்கிறார்கள் என்று எழுதினேன். 'முந்தைய அறிக்கை என் அவசரத்தால் நேர்ந்த பிழை. தண்டனை உண்டென்றால் எனக்குத் தரவும்' என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'ஐயமின்றி' என்ற சொல்லை எங்கும் போடவில்லை.

"பின் இருக்குதா டீச்சர்?" என்றார் முனுசாமி.

தோளில் புடவைக்குக் குத்தியிருந்த பின்னைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் என் புதுத் தாளை மேலே வைத்து, பழையதைக் கீழே வைத்துக் குத்தினார். முந்தானையைக் கையால் பிடித்துக்கொண்டு வூட்டுக்கு நடந்து வந்தேன்.

தண்டனை ஒன்றும் வரவில்லை. இரண்டு வாரத்தில் மலைப் பள்ளிக்குப் பதினோரு ஹால் டிக்கெட் வந்தது. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தூணு இருக்குன்னு அவரு அப்பவே சொல்லியிருந்தா, தூணுக்கு எடம் உட்டு மூணா அறுத்திருப்பேன்" என்றது.

சீட்டு

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த அன்று காலையில், வகுப்புக்குப் போனதும், அருணாசலம் கொடுத்த கட்டை அவிழ்த்தேன். மேலே அந்தச் சீட்டு இருந்தது. நீல மையில், சின்னச் சின்ன எழுத்து.

'தாள்கள் 42. y = x + sin x வளைவரையை எல்லோரும் வலப்பக்கம் மட்டுமே வரைந்திருக்கிறார்கள். இடப்பக்கத்தில் எல்லோரும் "இந்தப் பக்கமும் இதே மாதிரி" என்று ஒரே வாக்கியம் எழுதியிருக்கிறார்கள். இதே மாதிரி வராது, தலைகீழாக அச்சுக்குக் கீழே வரும். ஒரு மதிப்பெண் குறைத்துள்ளேன். அவர்கள் பலகையில் இடப்பக்கம் இடம் இல்லாமல் இருந்திருக்கும்.'

கீழே தேதி. நான் 'ஐயமின்றி' என்று எழுதிய அதே நாள்.

நாற்பத்திரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பலகையைப் பார்த்தேன். ஆடி மாசத்துச் சமன்பாடு கட்டத்துக்குள் பத்திரமாக இருந்தது.

டஸ்டரை எடுத்து இடது பாதி முழுவதையும் அழித்தேன். கெமிஸ்ட்ரி சார் அந்த வருஷம் முடியும் வரை என்னோடு பேசவில்லை.